'சேவ் ஆயிடுச்சு'ன்னு கம்ப்யூட்டர் சொன்னா அப்படியே நம்பலாமா?

ஆரணிப் பட்டுச் சேலையின் பார்டரும் முந்தானையும் ரொம்ப காலம் அட்டையில்தான் இருந்தன. தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டியில் வரிசையாகக் கோர்த்த, ஓட்டை போட்ட அட்டைகள். கரண்ட் போனாலும் அந்த ஓட்டை அங்கேயேதான் இருக்கும். இன்று டிசைன் பிறப்பது கம்ப்யூட்டரில். எலக்ட்ரானிக் ஜக்கார்டு பொருத்திய தறி என்றால் அட்டையே கிடையாது, எல்லாம் ஃபைல்தான்.

ஒரு டிசைன் சென்டரை நினைத்துப் பாருங்கள். மூன்று நாளாகக் கட்டம் கட்டமாக வரைந்த அன்னப்பட்சி முந்தானை. 'சேவ்' கொடுத்தாச்சு, திரையில் எந்தப் பிழையும் காட்டவில்லை. அடுத்த நொடி கரண்ட் கட். வந்த பிறகு திறந்தால் ஃபைலின் பெயர் இருக்கிறது, உள்ளே ஒன்றும் இல்லை. "ஒழுங்கா சேவ் பண்ணலையா?" என்று திட்டு வாங்குவது டிசைனர். ஆனால், தப்பு அவர் மேல் இல்லை.

என்ன நடக்கிறது?

'சேவ்' அழுத்தியதும் ஃபைல் நேராக டிஸ்க்கில் எழுதப்படுவதில்லை. முதலில் ரேமில் காத்திருக்கும். அங்கிருந்து ஆபரேட்டிங் சிஸ்டத்தின் ஸ்டோரேஜ் டிரைவர் அதை டிஸ்க்குக்கு அனுப்பும். டிஸ்க்கும் உடனே எழுதாது. தன்னிடம் உள்ள சின்ன மெமரியில், அதாவது கேஷில், வாங்கி வைத்துக்கொண்டு 'வந்துடுச்சு' என்று சொல்லிவிடும். சாதாரண டிஸ்க்குகளில் கரண்ட் போனால் இந்தக் கேஷும் காலி. அதற்காகத்தான் 'ஃப்ளஷ்' என்றொரு கட்டளை இருக்கிறது: கையில் உள்ளதை எல்லாம் நிரந்தர இடத்தில் எழுது, எழுதி முடித்த பிறகு பதில் சொல்.

"சேலையைச் சங்கத்துல குடுத்தாச்சா?" என்று கேட்டால், அது இன்னும் சைக்கிள் கேரியரில் இருக்கும்போதே "குடுத்தாச்சு" என்பது ஒரு பதில். சங்கத்துக் கணக்கில் வரவு ஏறிய பிறகு சொல்வது வேறு பதில். டிரைவரில் வரும் பக் பெரும்பாலும் முதல் வகை. ஃப்ளஷ் கட்டளையை அனுப்பாமல் விடுவது, அனுப்பிவிட்டு முடிகிற வரை காத்திருக்காதது, 'எழுத முடியலை' என்று டிஸ்க் சொன்னதை மேலே சொல்லாமல் விழுங்கிவிடுவது.

விண்டோஸ் 98-ல் இது ஊரறிய நடந்தது. ப்ராசஸர் வேகமானது, ஹார்ட் டிஸ்க்கின் கேஷ் பெரிதானது. ஷட் டவுன் கொடுத்தால், டிஸ்க் எழுதி முடிப்பதற்குள் கம்ப்யூட்டர் அணைந்துவிடும். மைக்ரோசாஃப்ட் கொடுத்த திருத்தம், அணைப்பதற்கு முன் ரெண்டு நொடி காத்திருப்பது! சிரிப்பு வரலாம். ஆனால், காத்திருப்பதுதான் இங்கே பாதி வைத்தியம்.

லினக்ஸ் கதை இன்னும் மோசம். டிஸ்க்கில் எழுதுவது தோற்றால் லினக்ஸ் அந்தத் தகவலை ஒரு முறை சொல்லும். பிறகு அந்த டேட்டாவை 'எழுதியாச்சு' என்ற கணக்கில் சேர்த்துவிடும். மறுபடி ஃப்ளஷ் கேட்டால் 'வெற்றி' என்று பதில் வரும், டேட்டாதான் இருக்காது. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் சுமார் 20 வருடம் அந்தப் பதிலை நம்பிக்கொண்டிருந்தது. 2018-ல்தான் விஷயம் வெளியே வந்தது. 2019 பிப்ரவரியில் வந்த திருத்தத்தின்படி, ஃப்ளஷ் தோற்றால் போஸ்ட்கிரெஸ் உடனே தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும். பிறகு தன் லாக் பதிவிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி எழுதும். முரட்டு வைத்தியம்தான், ஆனால் நேர்மையானது.

இந்த பக் ஏன் இவ்வளவு காலம் தங்குகிறது? உண்மையாக ஃப்ளஷ் செய்தால் வேகம் குறையும், வேகத்தைத்தானே விற்கிறார்கள். மேக்கில் சாதாரண ஃப்ளஷ் அழைப்பு டிஸ்க்கின் கேஷ் வரை போய் எட்டாது, அதற்குத் தனி அழைப்பு வேண்டும் என்று ஆப்பிளின் கையேடே சொல்கிறது. எத்தனை ஆப் அதைக் கேட்கிறது? விண்டோஸிலோ ஃப்ளஷை மொத்தமாக நிறுத்திவைக்க ஒரு டிக் பாக்ஸே உண்டு. கேம் ஆடுபவர் 'வேகம் கூடும்' என்று அதை டிக் செய்வார். யுபிஎஸ் பேட்டரி செத்துப்போன டிசைன் சென்டரில் அதே டிக் மூன்று நாள் கூலி.

மாற்ற முடியாத விஷயமும் இல்லை. 2018-ல் வந்த விண்டோஸ் 10-ன் 1809 பதிப்பில், வெளியே செருகும் டிரைவ்களுக்கு 'குயிக் ரிமூவல்' இயல்பான அமைப்பானது. வேகம் கொஞ்சம் போகட்டும், டேட்டா இருக்கட்டும் என்ற முடிவு அது. உள்ளே இருக்கும் டிஸ்க்குக்கும் அதே அக்கறை வேண்டும். டிரைவர் எழுதுபவர்கள் வேகத்தை அளப்பதோடு நிறுத்தாமல், எழுதிக்கொண்டிருக்கும்போதே பிளக்கைப் பிடுங்கியும் சோதிக்க வேண்டும்.

கடைக்குப் போனால் எஸ்எஸ்டி பெட்டியில் வேகம் கொட்டை எழுத்தில் இருக்கும். கரண்ட் போனாலும் கேஷைக் காப்பாற்றும் 'பவர் லாஸ் ப்ரொடக்ஷன்' பெரும்பாலும் சர்வர் டிரைவ்களுக்குத்தான். அதுவரை டிசைனருக்கு இருப்பது யுபிஎஸ், வேறொரு டிரைவில் ஒரு காப்பி, பென் டிரைவைப் பிடுங்கும் முன் 'எஜெக்ட்' கொடுத்துவிட்டுப் பொறுமையாகக் காத்திருக்கும் அந்தச் சில நொடிகள்.