உங்களுக்கு எதுக்குத் தம்பி கேமிங் கம்ப்யூட்டர்?

செருப்பு எதுக்கு, குடை எதுக்கு, சைக்கிள்ல ஏறி உக்காந்து தெருவுக்குள்ள போறது எதுக்கு என்று நம்ம தாத்தன்மாரைப் பார்த்துக் கேட்ட அதே கேள்விதான். இப்போது ஏசி போட்ட கடைக்குள், மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, ஒரு ‘தம்பி’ சேர்த்து, சிரித்துக்கொண்டே கேட்கப்படுகிறது.

2024 ஜனவரியில் எங்க காலனிப் படிப்பகத்துப் பசங்க நாலு பேரு மாவட்டத் தலைநகரில் ஒரு கம்ப்யூட்டர் கடைக்குப் போனார்கள். கையில் 55,000 ரூபாய். பந்தலுக்கு சீரியல் லைட் கட்டினது, லீவு நாளில் பெயிண்ட் அடிச்சது, வேலைக்குப் போன அண்ணன்மார் கொடுத்தது என்று ஒரு வருஷமாகச் சேர்ந்த காசு. கேமிங் கம்ப்யூட்டர் வேணும் என்றிருக்கிறார்கள். ‘எந்த ஊரு?’ என்பது முதல் கேள்வி. ஊரைச் சொன்னதும் ‘ஊர்ல எந்தப் பக்கம்?’ என்பது ரெண்டாவது. மூன்றாவது கேள்வியைத்தான் தலைப்பாக வைத்திருக்கிறேன்.

கேட்டுவிட்டு ஒரு கொட்டேஷனும் கொடுத்திருக்கிறார். நான் பாங்க் கிளார்க். கொட்டேஷன் படிக்கிறது என் பிழைப்பு. தாளில் எழுதியிருப்பதைவிட எழுதாமல் விட்டதைத் தேடிப் பழகிப்போன கண். பசங்க கொண்டுவந்த தாளில் இருந்தது இவ்வளவுதான்: ஐ7 ப்ராசஸர், 16 ஜிபி ரேம், 4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, கேபினட் வித் எஸ்எம்பிஎஸ், மானிட்டர், கீபோர்டு, மவுஸ். மொத்தம் 52,000.

‘எந்த ஐ7னு கேட்டீங்களாடா?’

‘ஐ7னா ஐ7தானண்ணே.’

இங்கேதான் இருக்கிறது சூட்சுமம். இன்டெல் கம்பெனி ஐ7 என்ற பேரில் 2008லிருந்து ப்ராசஸர் போடுகிறது. பேரு அதேதான், பேருக்குப் பின்னால் வருகிற எண்தான் மாறும். அந்த எண்ணைத் தாளில் காணோம். போன் போட்டு விடாமல் கேட்டதில் வந்த பதில் 3770. அது 2012ல் வந்த சரக்கு. இந்த மாதிரி சிப்புகள் பெரும்பாலும் எங்கெங்கோ ஆபீசுகளில் ஓடிக் கழித்துப்போட்ட மிஷின்களில் இருந்து பிடுங்கினவை. மலிவான புது போர்டில் மாட்டி, கலர் லைட் எரிகிற கண்ணாடிக் கேபினட்டுக்குள் வைத்தால் ‘கேமிங்’ ஆகிவிடுகிறது. 2021ல் வந்த விண்டோஸ் 11 அந்த ப்ராசஸரை முறைப்படி ஏற்காது. விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓடு வழக்கமான ஆதரவு முடிந்துபோனது. 4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு எது என்றால் ஜிடி 730. 2014ல் வந்தது. படம் பார்க்கப் போதும். 4 என்ற எண்ணைக் காட்டி ஏமாற்றலாம். இன்றைய விளையாட்டு எதையும் அதில் ஒழுங்காக ஓட்ட முடியாது.

‘தோழர், வியாபாரி எல்லாரையும்தான் ஏமாத்துறான், இதுல சாதி எங்க வந்துச்சு?’ என்று கேட்பீர்கள். எல்லாரையும்தான் ஏமாற்றப் பார்க்கிறான். ஆனால் ஊர்த்தெருப் பையனுக்கு பெங்களூரில் சித்தப்பா மகன் இருக்கிறான். எஞ்சினியரிங் படித்த மாமன் இருக்கிறான். தாளைப் போட்டோ எடுத்து அனுப்பினால் ராத்திரிக்குள் பதில் வந்துவிடும். கேட்டுத் தெரிந்துகொள்ள வீட்டுக்குள்ளேயே ஆள் இருப்பதும் ஒரு சொத்துதான். மூணு தலைமுறையாகச் சேர்த்த சொத்து. அதைத்தான் நம்மகிட்ட ‘திறமை’ என்று சொல்லிக் காட்டுகிறார்கள். நம்ம பயலுக யாரைக் கேட்பார்கள்? கடைக்காரனைத்தான் கேட்பார்கள். அவன்தான் விற்கிறவன்.

ஆகவே நாமே படிப்பது என்று முடிவு செய்தோம். மூணு வாரம் ராத்திரி எட்டு மணிக்கு மேல் படிப்பகத்தில் உட்கார்ந்தோம். நோட்டுப் போட்டு எழுதினோம். தெரிந்துகொண்டதை இங்கே சொல்லிவைக்கிறேன். வேறு காலனிப் பசங்களுக்கு உதவும்.

முதலில் பார்க்க வேண்டியது மானிட்டர். படிப்பகத்தில் பழசு ஒன்று கிடந்தது. 1920க்கு 1080 புள்ளி, நொடிக்கு 60 தடவை படம் மாறும். அதற்கு மேல் படத்தைத் தள்ளுகிற கார்டுக்குக் காசு கொடுத்தால் அந்தக் காசு கண்ணுக்குத் தெரியாது. அதனால் கிராபிக்ஸ் கார்டு ஏஎம்டி கம்பெனியின் ஆர்எக்ஸ் 6600, 8 ஜிபி. 2021ல் வந்தது, 1080 புள்ளி மானிட்டருக்குத் தாராளம். மொத்தப் பணத்தில் பெரிய பங்கு இதற்குத்தான் போகும், போகணும். விளையாட்டுக்கான மிஷினில் படத்தைத் தீட்டுகிற வேலை இதனுடையது.

அடுத்து ப்ராசஸர். ரைஸன் 5 5600. ஆறு கோர், 2022ல் வந்தது. ரைஸன் 7 வாங்கலாம் என்று ஒருத்தன் நின்றான். அந்த வித்தியாசக் காசைக் கார்டில் போட்டால் விளையாட்டில் தெரியும், ப்ராசஸரில் போட்டால் பேரில்தான் தெரியும் என்று சொல்லி உட்கார வைத்தோம். ரேம் 16 ஜிபி; ஒரே குச்சியாக வாங்காமல் எட்டு எட்டாக ரெண்டு. ரெண்டு வழியில் ஒரே நேரத்தில் தகவல் போய்வரும். கடைக்காரர்கள் ஒன்றாகக் கொடுப்பார்கள், கேட்டால் ‘ரெண்டும் ஒண்ணுதான்’ என்பார்கள். ஒண்ணு இல்லை. ஹார்டு டிஸ்குக்குப் பதில் போர்டிலேயே சொருகுகிற என்விஎம்இ எஸ்எஸ்டி.

கடைசியாக எஸ்எம்பிஎஸ். இதைப் பற்றி கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். எந்தக் கொட்டேஷனிலும் பேரு, எண் இல்லாமல் கேபினட்டோடு சேர்த்துக் கட்டித் தள்ளப்படுகிற உறுப்பு இதுதான். ஐ7க்குப் பேரு உண்டு, கார்டுக்குப் பேரு உண்டு, லைட்டுக்குக்கூட கலர் சொல்லி எழுதுகிறார்கள். வீட்டுக் கரண்டை வாங்கி, அடக்கி, ஒவ்வொரு உறுப்புக்கும் அதற்குண்டான அளவில் பிரித்துக் கொடுக்கிற இதற்கு மட்டும் பேரு கிடையாது. மட்டமான சரக்காக இருந்து ஒரு நாள் வெடித்தால் போர்டையும் கார்டையும் சேர்த்து எரித்துவிட்டுப் போகும். எங்க காலனியிலோ கரண்டு வருவதும் போவதும் யாருக்கும் கணக்கில்லை. அதனால் இதில் மட்டும் மிச்சம் பிடிக்கக் கூடாது என்று எழுதிவைத்தோம். 80 பிளஸ் முத்திரை உள்ளதா என்று பார்க்கணும். உள்ளே வாங்குகிற கரண்டில் குறைந்தது 80 சதம் வீணாகாமல் வெளியே வரும் என்பதற்கு அது அத்தாட்சி. அதே நேரம் 850 வாட் வாங்கு, 1000 வாட் வாங்கு என்று மிரட்டுவார்கள். கார்டுக்கு 132 வாட், ப்ராசஸருக்கு 65 வாட். மற்றதெல்லாம் சேர்த்தாலும் 300ஐத் தாண்டாது. 550 போதும்.

சென்னை ரிச்சி தெருவுக்கு ரெண்டு பேரு ரயிலேறிப் போய், எட்டுக் கடை ஏறி இறங்கி, எண்ணைச் சொல்லிக் கேட்டு வாங்கிவந்தார்கள். ‘எந்த ஊரு?’ என்று அங்கே யாரும் கேட்கவில்லை. எண்ணைச் சொல்லிக் கேட்கிறவனிடம் விலையைத்தான் பேச முடியும். அன்றைக்கு வாங்கியதில் லாபம். 2025 கடைசியிலிருந்து பெரிய கம்பெனிகளின் செயற்கை அறிவுக் கூடங்களுக்கே மெமரி சிப் போகிறது; ரேம் விலை ஏறிக் கிடக்கிறது. நாம் எதை என்ன விலைக்கு வாங்குவது என்பதை யாரோ எங்கேயோ முடிவு செய்கிறான் என்பதையும் பசங்க இதில்தான் படித்தார்கள்.

இனி நம்ம ஆட்களிடம் வருகிறேன். கடைக்காரன் கேட்டதைவிட வலித்தது, அதே கேள்வியை நம்ம தோழர்கள் கேட்டது. ‘விளையாடறதுக்காய்யா இயக்கம்? ஒரு டைப்பிங் மிஷின் போதாதா, பயலுக டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கட்டும்.’ ஒரு மூத்த தோழர் ‘ரம்மி ஆடியே எத்தனை பேரு தூக்குல தொங்குனான்’ என்று கோபப்பட்டார். அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் அது காசு கட்டி ஆடுகிற சூது. தமிழ்நாட்டில் 2023 ஏப்ரலில் அதற்கு எதிரான சட்டம் நடைமுறைக்கு வந்தது, 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமும் சட்டம் போட்டது. நம்ம பசங்க ஆடுவது அது இல்லை. சுட்டுத் தள்ளுகிற விளையாட்டுகளில் எவன் எதிரியாகக் காட்டப்படுகிறான், அரபுக்காரன் ஏன் எப்பவும் தீவிரவாதி என்று கேட்க வேண்டியது இருக்கிறது. கேட்போம். ஆடிப் பார்த்துத்தான் கேட்க முடியும்.

இதே மிஷினில் வீடியோ எடிட் செய்யலாம், பிளெண்டர் இலவசமாகக் கிடைக்கிறது, விளையாட்டே செய்யக் கற்கலாம் என்றெல்லாம் சொல்லித் தோழர்களைச் சமாதானம் செய்திருக்கலாம். வேண்டுமென்றே சொல்லவில்லை. நம்ம பிள்ளைகள் தொடுகிற ஒவ்வொன்றுக்கும் ஒரு ‘பயன்’ காட்டியாக வேண்டும் என்பதே அடிமைத்தனம். உழைக்க மட்டும் பிறந்தவன் என்று எழுதிவைத்தவன் எழுத்தை நாமே திரும்பப் படிப்பது. 1927 மார்ச் 20ல் மகத் குளத்தில் அம்பேத்கர் இறங்கியபோது, தாகத்துக்கு வேறு தண்ணியே இல்லையா என்று கேட்டவன் அன்றைக்கும் இருந்திருப்பான். ஊர்த்தெருப் பையன் ராத்திரி முழுக்க ஆடினால் ‘ஸ்ட்ரெஸ்’, நம்ம பையன் ஒரு மணி நேரம் ஆடினால் ‘உருப்படாது’. இந்தத் தராசை நாம் ஏன் தூக்கிக்கொண்டு அலையணும்?

இன்னொன்று. தில்லி சீலம்பூரில் நாடெங்கும் கழித்த கம்ப்யூட்டர் குப்பை வந்து குவிகிறது. செம்புக்காகவும் தங்கத்துக்காகவும் போர்டுகளை வெறுங்கையால் உடைத்து, ஆசிட்டில் முக்கிப் பிழைக்கிறார்கள் ஏழைகள், பெரும்பாலும் முஸ்லிம்கள். செத்த மாட்டை அறுக்கவும் செத்த மிஷினை உடைக்கவும் இந்தச் சமூகத்துக்கு எப்போதும் ஆள் தயாராக இருக்கிறது. உயிரோடு இருக்கிற மிஷினைத் திறக்கும்போது மட்டும் ‘தொடாதே, ஒனக்குத் தெரியாது’. வேலையை மட்டுமல்லாமல் வேலை செய்கிறவர்களையே படி வைத்துப் பிரிக்கிறது சாதி என்று 1936லேயே அம்பேத்கர் வாதிட்டது எனக்கு இந்தப் பெட்டியைத் திறந்தபோதுதான் உறைத்தது.

பெட்டியைத் திறந்த அன்றைக்கு நடந்த ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஸ்குரூடிரைவரைப் பசங்களே ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டார்கள். பன்னெண்டாவது படிக்கிற பொண்ணு ஒன்று கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. ‘நீயும் வாம்மா’ என்றேன். ஒருத்தன் திரும்பிப் பார்த்து, ‘இவளுக்கு எதுக்குண்ணே?’ என்றான்.

நாலு பேரும் ஒரு நிமிஷம் பேசவில்லை. கடையில் கேட்ட கேள்வி தன் வாயிலிருந்தே வந்ததை அவன் கேட்டுவிட்டான்.

ரேம் குச்சி ரெண்டையும் அந்தப் பிள்ளைதான் சொருகியது. ரெண்டு முனையிலும் கட்டை விரலால் அழுத்தணும், கிளிப் ‘டக்’கென்று விழணும், விழுந்தது. இப்போது செவ்வாயும் சனியும் பொண்ணுங்களுக்கு. அந்த ரெண்டு நாளும் தவறாமல் நடக்கிறதா என்று கேட்டால், நடக்க வைக்கச் சண்டை போட வேண்டியிருக்கிறது. போடுகிறோம்.