தழும்பு அவள் வயிற்றில், முடிவு யார் கையில்?

‘முதல் பிள்ளை ஆபரேஷனா? அப்படியென்றால் இதுவும் ஆபரேஷன்தான்.’ நம் ஊர்களில் இது எழுதாத சட்டமாகிவிட்டது. மருத்துவம் அப்படிச் சொல்லவில்லை.

முதல் பிரசவம் சிசேரியனான பெண், அடுத்த குழந்தையைச் சுகப்பிரசவத்தில் பெற முடியும். தகுதி பார்த்து முயல்பவர்களில் 100-க்கு 60 முதல் 80 பேருக்கு அது கைகூடுகிறது. ஆபத்தும் உண்டு. வலி எடுக்கும்போது பழைய தையல் இடத்தில் கருப்பை கிழியலாம். ஏறக்குறைய 200 பேரில் ஒருவருக்கு இப்படி நேர்கிறது. நேர்ந்தால் தாய்க்கும் பிள்ளைக்கும் உயிராபத்து. ஆகவே இதை வீட்டில் முயலக் கூடாது. எந்த நேரத்திலும் மருத்துவர், மயக்க மருந்து நிபுணர், அறுவை அரங்கு, ரத்தம் ஆகியவை தயாராக இருக்கும் மருத்துவமனையில்தான் முயல வேண்டும்.

தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 2015-16-ல் 34.1 சதவீதமாக இருந்த சிசேரியன், 2019-21-ல் 44.9 சதவீதமானது. தனியாரில் 63.8, அரசு மருத்துவமனைகளில் 36. இரண்டாம் பிரசவத்துக்கு வரும் பெண்களில் பலர் தழும்போடுதான் வருகிறார்கள். அவர்களில் எத்தனை பேரிடம் ‘உனக்கு இரண்டு வழி இருக்கிறது’ என்று யாராவது சொல்கிறார்கள்?

இதில் சாதி எங்கே வந்தது என்று கேட்கலாம். வசதி உள்ளவர் இன்னொரு மருத்துவரைப் பார்த்து யோசனை கேட்பார். காலனியிலிருந்து வரும் கூலிப் பெண் கேள்வி கேட்டால் ‘நீ டாக்டரா, நான் டாக்டரா?’ என்ற பதில்தான் வரும். அவளுக்கு உடம்புதான் முதல். நடவும் களையெடுப்பும் குனிந்து செய்யும் வேலை. அரசு மருத்துவமனையில் ஆபரேஷன் இலவசம். படுத்திருக்கும் நாட்களுக்குக் கூலி கிடையாது. குழுக் கடன் தவணையும் நிற்காது. ஒவ்வொரு சிசேரியனும், அடுத்த கர்ப்பத்தில் நஞ்சுக்கொடி தழும்பில் ஒட்டிக்கொண்டு பெரும் ரத்தப்போக்கை உண்டாக்கும் ஆபத்தையும் கூட்டுகிறது.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். முன்பு கருப்பையில் நெடுக்காகக் கீறப்பட்டவர்களுக்கும், நஞ்சுக்கொடி கருப்பை வாயை மறைத்திருப்பவர்களுக்கும் சிசேரியன்தான் பாதுகாப்பு. சிசேரியன் எண்ணிக்கையைக் குறைக்கச் சொல்லும் மேலிட உத்தரவு, ஏழைப் பெண்ணை வலியில் மணிக்கணக்காகக் காக்கவைக்கும் சாக்காகிவிடக் கூடாது. மறுபடி சிசேரியனே வேண்டும் என்று அவள் தெரிந்து சொன்னால், அதுவும் அவள் உரிமை. விளக்காமல் திணிக்கப்படும் எதுவும், கத்தியானாலும் வலியானாலும், அநியாயம்தான்.

சிகிச்சையின் தன்மை, மாற்று வழிகள், முக்கிய அபாயங்கள் ஆகியவற்றை விளக்கிப் பெறுவதே சம்மதம் என்று உச்ச நீதிமன்றம் 2008-ல், சமீரா கோலி வழக்கில் தீர்ப்பளித்தது. அவசரத்தில் நீட்டப்படும் தாளில் வைக்கும் கைநாட்டு அந்தச் சம்மதம் ஆகாது.

நாம் செய்ய வேண்டியது என்ன? முதலில், காகிதம். வயிற்றின் மேல் தெரியும் தழும்பு, உள்ளே கருப்பை எப்படிக் கீறப்பட்டது என்பதைக் காட்டாது. அது டிஸ்சார்ஜ் சீட்டிலும் அறுவைக் குறிப்பிலும்தான் இருக்கும். ஒழுகும் கூரைக்கு அடியில் அந்தச் சீட்டு எத்தனை மழை தாங்கும்? கல்லூரிக்குப் போகும் தம்பி தங்கைகள் அதை செல்போனில் படமெடுத்து வையுங்கள். சீட்டு இல்லையென்றால் எழுதிக் கேளுங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002-ம் ஆண்டின் மருத்துவ கவுன்சில் விதி.

அடுத்து, கேள்வி. பிரசவ வலி வந்த பிறகு கேட்டால் பதில் கிடைக்காது. மாதாந்திரப் பரிசோதனையிலேயே கிராம சுகாதார செவிலியரிடமும் மருத்துவரிடமும் கேளுங்கள்: ‘முதல் சிசேரியன் எதற்காகச் செய்தார்கள்? எனக்குச் சுகப்பிரசவம் முயலலாமா? எந்த மருத்துவமனையில்?’

மாவட்ட நிர்வாகத்துக்கும் ஒரு வேலை இருக்கிறது. இந்த முயற்சிக்கான வசதி எந்தெந்த அரசு மருத்துவமனையில் இரவிலும் உள்ளது என்பதை ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் எழுதி ஒட்ட வேண்டும். வசதி இல்லாத இடத்தில் மருத்துவர்களை நியமிக்க வேண்டும். அடுத்த கிராம சபையில் இதைத் தீர்மானமாக வைப்போம்.