நஷ்டஈடு நியாயமாகாது

ஒரு ராஜாங்கம் தன் பிரஜைகளின்மீது துப்பாக்கியைத் திருப்பினால், அதற்குக் கணக்குச் சொல்லும் கடமை அதனுடையது. கணக்குக் கேட்கும் உரிமை ஜனங்களுடையது. தூத்துக்குடி ஜனங்கள் தங்கள் உரிமையைச் செலுத்திவிட்டனர். சர்க்கார் தன் கடமையை முற்றும் செலுத்தியதாகச் சொல்ல நமக்கு இயலவில்லை.

ஸ்டெர்லைட் தாமிர ஆலையை மூடவேண்டுமென்று கிளர்ச்சி செய்தவர்கள், அதன் நூறாவது நாளாகிய 2018 மே 22-ந் தேதி கலெக்டர் ஆபீஸை நோக்கி ஊர்வலமாய்ச் சென்றனர். அன்றும் மறுநாளும் போலீஸார் சுட்டதில் 13 பேர் மாண்டனர். இறந்தோரில் பெண்களும் உண்டு. கலெக்டர் ஆபீஸிலிருந்து வெகு தூரத்திலுள்ள திரேஸ்புரத்திலும் ஓர் உயிர் போயிற்று. கூட்டம் கல்லெறிந்தது, வாகனங்களைக் கொளுத்திற்று, ஆகவே சுட நேர்ந்தது என்றனர் அதிகாரிகள். ஓடியவர்களைச் சுட்டார்கள் என்றனர் ஜனங்கள். கல்லெறிவதையும் தீவைப்பதையும் நாம் ஒருநாளும் ஆதரியோம். ஆனால் அவற்றிற்குச் சட்டம் விதித்துள்ள தண்டனை மரணமன்று.

இத்தகைய தருணத்தில் ஜனங்கள் செய்தது என்ன? இறந்தோரின் பந்துக்கள், சர்க்கார் வைத்தியர் கூறியதே முடிவு என்று ஒப்புக்கொண்டு உடல்களை வாங்கிப் போகவில்லை. மறு பரிசோதனை வேண்டுமென்று நின்றனர். உடல்களைப் பாதுகாத்து வைக்கும்படி சென்னை ஹைகோர்ட்டு உத்தரவிட்டது. ஓய்வு பெற்ற நீதிபதிகள் அடங்கிய மக்கள் விசாரணைக் குழு ஒன்று அவ்வாண்டிலேயே சாக்ஷியங்களைத் திரட்டி அறிக்கை வெளியிட்டது. வக்கீல்கள் வழக்குத் தொடுத்தனர். 2018 ஆகஸ்டில் மதுரை ஹைகோர்ட்டு கிளை விசாரணையை சி.பி.ஐ. வசம் ஒப்படைத்தது. துக்கத்தால் வெந்த ஓர் ஊர் பழிவாங்கப் புறப்படாமல் நியாயஸ்தலத்தின் படியேறியது. இதைவிடச் சட்டத்திற்கு அடங்கிய நடத்தை வேறென்ன வேண்டும்?

இவ்வழி நம் தேசத்திற்குப் புதிதன்று. ஜாலியன்வாலா பாக் கொலைக்குப்பின், 1919-ல் அன்னிய சர்க்கார் ஹண்டர் கமிட்டியை நியமித்தது. அதே சமயத்தில் அதிகாரிகளைக் காக்க ஒரு சட்டத்தையும் நிறைவேற்றிக்கொண்டது. காந்தியடிகள் முதலியோரைக் கொண்டு காங்கிரஸ் தானே விசாரணை நடத்தி, 1920-ல் அறிக்கை வெளியிட்டது. நம் நெல்லைச் சீமைக்கும் பழைய நினைவு ஒன்றுண்டு. வ.உ.சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் கைதானதையொட்டி, 1908 மார்ச் 13-ந் தேதி திருநெல்வேலியில் போலீஸார் சுட்டதில் நால்வர் மாண்டனர். அதன்பின் தண்டப் போலீஸ் வந்தது. அதன் செலவும் ஜனங்கள் தலையிலேயே வரியாய் விழுந்தது. அது அன்னியர் ஆட்சி. அதே சீமையில், நாமே வாக்களித்து அமைத்த ஆட்சியில், சுட்டவர் நியாயஸ்தலத்தில் பதில் சொல்லாமல் போவாராயின், சுயராஜ்யத்தினால் நாம் அடைந்த லாபம் யாது?

சர்க்கார் ஒன்றுமே செய்யவில்லையென்று நாம் கூறவில்லை. குடும்பங்களுக்கு முதலில் 10 லட்சமும், பின்னர் 20 லட்சமும் ரூபாய் அறிவிக்கப்பட்டது. 2018 மே 28-ந் தேதி ஆலையை மூட உத்தரவு பிறந்தது. 2024 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டும் ஆலையாரின் மனுவைத் தள்ளிவிட்டது. ஓய்வு பெற்ற நீதிபதி அருணா ஜெகதீசன் தலைமையில் கமிஷனும் அமைந்தது. அதன் அறிக்கை 2022 அக்டோபரில் சட்டசபையில் வைக்கப்பட்டது. ஓடியவர்கள் சுடப்பட்டனர் என்றும், போலீஸார் வரம்பு மீறினர் என்றும் கமிஷன் கண்டது. டெலிவிஷனைப் பார்த்தே செய்தியை அறிந்ததாக அன்றைய முதல் மந்திரி சொன்னதையும் அது ஏற்கவில்லை. போலீஸ் அதிகாரிகளும் காவலர்களுமாகப் 17 பேர்மீதும், அப்போதைய கலெக்டர்மீதும் நடவடிக்கை வேண்டுமென்றது. அவர்களுள் சிலர் தற்காலிகமாய் வேலையினின்று நிறுத்தப்பட்டனர்.

ஆனால் கமிஷன் வேறு, கோர்ட்டு வேறு. 1952-ம் வருஷத்துச் சட்டப்படி அமையும் கமிஷன், சர்க்காருக்கு யோசனை கூறலாமேயன்றி எவரையும் தண்டிக்க முடியாது. அதன் முன் ஒருவர் அளித்த வாக்குமூலத்தைப் பிற்பாடு அவருக்கு விரோதமாக வழக்கில் உபயோகிக்கவும் முடியாது. ஆகவே கோர்ட்டில் சாக்ஷியம் புதிதாகவே விடப்படவேண்டும். வருஷங்கள் செல்லச்செல்லச் சாக்ஷிகளின் ஞாபகம் மங்கும், சாக்ஷிகளே மறைவர். தாமதத்தினால் லாபமடைபவர் யார் என்று நாம் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொரு பூட்டும் உண்டு. கூட்டத்தைக் கலைக்கச் செய்ததாகக் கூறப்படும் காரியத்திற்காக, ராஜ்ய சர்க்காரின் முன் அனுமதியின்றிப் போலீஸார்மீது கிரிமினல் கோர்ட்டில் வழக்குத் தொடரலாகாது என்றது அன்றிருந்த கிரிமினல் நடைமுறைச் சட்டத்தின் 132-ம் பிரிவு. 2024 ஜூலையில் அமலுக்கு வந்த புதிய சட்டமும் அப்பாதுகாப்பை விட்டுவிடவில்லை. இப்பூட்டின் சாவி சர்க்காரின் கையில் இருக்கிறது. சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, சட்டம் தன் வழியில் செல்லும் என்று மந்திரிகள் கூறுவது வெறும் உபசார வார்த்தையேயாகும்.

வழக்குத் தொடர்ந்தால் போலீஸாரின் மனவுறுதி குலையும் என்பார் சிலர். நல்லெண்ணத்தோடு கடமையைச் செய்தவருக்கு அதே சட்டம் பாதுகாப்பு அளிக்கிறது. அவர் கோர்ட்டுக்கு அஞ்ச வேண்டுவதில்லை. அவருக்கிருந்தது நல்லெண்ணந்தானா என்று தீர்மானிக்க வேண்டியவர் நீதிபதியே. அவருடைய மேலதிகாரி அல்லர். குற்றமற்ற காவலனின் பெயரும் திறந்த கோர்ட்டில்தான் துலங்கும்.

எனவே நாம் கோருவது இவ்வளவே. கமிஷன் சுட்டிய ஒவ்வொருவர் விஷயத்திலும், சர்க்கார் ஒரு தவணை குறித்து அனுமதி அளிக்கட்டும். மறுப்பதாயின் காரணத்தை எழுதி வெளியிடட்டும். காரணம் வெளிவந்தால் அதனை ஹைகோர்ட்டில் எதிர்க்கலாம்; மௌனத்தை எதிர்ப்பது கடினம். நம் தேசத்தொண்டர்களும் வருஷாவருஷம் மே 22-ந் தேதி மாலை சாத்துவதோடு நில்லாமல், தங்கள் தொகுதிச் சட்டசபை அங்கத்தினரிடம் இக்கேள்வியை எழுத்து மூலம் கேட்பார்களாக. பணம் குடும்பத்தைக் காக்கலாம். நியாயம் ஒன்றே அடுத்த துப்பாக்கியைத் தடுக்கும்.