அறுக்கப் பணம் உண்டு, ஆற நாள் இல்லை

2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் ஒரே நாளில் நடைமுறைக்கு வந்தன. 29 சட்டங்களை நான்காகச் சுருக்கிவிட்டோம் என்று டெல்லி மார்தட்டிக்கொண்டது. எட்டு மணி நேர வேலை என்ன ஆகும், ஆட்குறைப்புக்கு அனுமதி வேண்டுமா, கிராஜுவிட்டி எத்தனை ஆண்டில் கிடைக்கும் என்றெல்லாம் அன்று தொடங்கிய வாக்குவாதத்தை வாசகர்கள் அறிவார்கள். எல்லாம் நடக்க வேண்டிய வாக்குவாதங்கள்தாம். ஆனால், ஆலைத் தொழிலாளிக்கு நோய் விடுப்பு என்று ஒரு நாளைக்கூட இந்தத் தொகுப்புகள் தனியாக ஒதுக்கவில்லை என்பது அந்த இரைச்சலில் அமுங்கிப்போனது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்திலும் அது கிடையாது. முக்கால் நூற்றாண்டு கழித்து எல்லாவற்றையும் பிரித்துப்போட்டு மறுபடி எழுதியவர்கள் அந்த இடத்தை மட்டும் காலியாகவே விட்டிருக்கிறார்கள். தெரியாமல் விட்டார்கள் என்று நம்புவதற்கில்லை.

இதன் சூடு யார்மீது அதிகம் விழுகிறது என்று பார்க்க வேண்டுமானால், உடல் பருமன் அறுவை சிகிச்சை செய்துகொண்ட தொழிலாளியைப் பார்த்தால் போதும்.

பேரியாட்ரிக் என்று டாக்டர்கள் சொல்லும் இந்தச் சிகிச்சை பணக்காரர்களின் அழகு ஆசை என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை. 2019-21இல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 40.4 சதவீதப் பெண்களும் 37 சதவீத ஆண்களும் இருக்க வேண்டிய எடையைத் தாண்டியவர்கள். அவர்களில் மிகச் சிலருக்கே கத்தி தேவைப்படும். அந்தச் சிலர் யார் என்பதைக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமே 2019இல் எழுதிவைத்துவிட்டது. 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். உடல் நிறை எண் 40 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். 35 அல்லது அதற்கு மேல் என்றால், கட்டுக்குள் வராத சர்க்கரை, இதய நோய், தூக்கத்தில் மூச்சடைப்பு போன்ற ஏதாவது கூடவே இருக்க வேண்டும். மற்ற வழிகளை முயன்று பார்த்திருக்க வேண்டும். இந்த வரம்புக்குள் வருபவருக்கு ‘எடை குறைப்புதானே’ என்று சொல்லிக் காப்பீட்டுப் பணத்தை மறுக்க முடியாது. ஆகவே, இது நோய்க்கான சிகிச்சை என்பதில் அரசுக்கே சந்தேகமில்லை. சந்தேகமெல்லாம் அதற்குப் பிறகு வீட்டில் படுத்திருக்கும் நாட்களைப் பற்றித்தான்.

அந்த நாட்களில் என்ன நடக்கிறது? இந்தச் சிகிச்சையில் ஒரு வகையான ஸ்லீவ் முறையில் இரைப்பையின் முக்கால் பங்கு அல்லது அதற்கு மேலும் வெட்டி எடுக்கப்படுகிறது. மீதி ஒரு குழாய்போல ஸ்டேப்பிள் போட்டு மூடப்படுகிறது. வெளியே தெரிவதெல்லாம் நாலைந்து சிறு துளைகள். பத்து நாளில் அவை காய்ந்துவிடும். ‘அதான் ஆறிடுச்சே, வரலாமே’ என்று சூப்பர்வைசர் போனில் கேட்பது இந்தத் துளைகளை நம்பித்தான். உள்ளே இருக்கும் நீண்ட தையலை அவர் பார்க்கவில்லை. அது கசியும் அபாயம் முதல் சில வாரங்களுக்கு உண்டு. காலில் ரத்தம் உறைந்து நுரையீரலுக்குப் போகும் அபாயமும் உண்டு.

சாப்பாட்டுக் கணக்கு இதைவிடக் கொடுமை. முதல் இரண்டு வாரம் நீராகாரம் மட்டும். அடுத்த இரண்டு வாரம் மசித்த உணவு. பிறகுதான் குழைந்த சாதம். தண்ணீரைக்கூட மடமடவென்று குடிக்க முடியாது. மருந்து பாட்டில் மூடி அளவுள்ள குட்டி டம்ளரில் 30 மில்லி ஊற்றி, கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்ச வேண்டும். அவசரப்பட்டால் நெஞ்சுக்குள் அடைக்கும், வாந்தி வரும். ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டர் உள்ளே போக வேண்டுமென்றால் அப்படி ஐம்பது டம்ளர். குறைந்தால் நீர்ச்சத்து இறங்கி மறுபடி ஆஸ்பத்திரிதான். இரண்டு டீ இடைவேளையும் ஒரு சாப்பாட்டு இடைவேளையும் உள்ள ஷிப்டில், லைனை விட்டு நகர முடியாத ஒருவர் இந்த ஐம்பது டம்ளரை எப்போது குடிப்பது? கேன்டீனில் சாம்பார் சாதமும் பொரியலும் வைத்தால் எதைத் தொடுவது? நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கும் வேலை என்றால் இரண்டு மூன்று வாரத்தில் போகலாம், சுமை தூக்கும் வேலை என்றால் நான்கிலிருந்து ஆறு வாரம் பொறுக்க வேண்டும் என்பது டாக்டர்கள் பொதுவாகச் சொல்வது. திருப்பூரில் துணிக் கட்டு தூக்குபவருக்கும் அம்பத்தூரில் இரும்புத் துண்டைத் தூக்கி லேத்தில் மாட்டுபவருக்கும் இந்த ஆறு வாரம் சலுகை அல்ல, சிகிச்சையின் பாதி.

இனி சட்டம் தருவதைப் பார்க்கலாம். புதிய தொகுப்பின்படி, ஆண்டில் 180 நாள் வேலை பார்த்தவருக்கு 20 நாளுக்கு ஒரு நாள் வீதம் சம்பளத்துடன் விடுப்பு. முந்தைய சட்டத்தில் 240 நாளாக இருந்த தகுதி குறைந்திருப்பது நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் 300 நாள் உழைத்தாலும் கையில் சேருவது 15 நாள். தங்கை கல்யாணம், ஊர்த் திருவிழா, பிள்ளைக்குக் காய்ச்சல் எல்லாம் அந்தப் பதினைந்துக்குள்தான். மிச்சத்தில் இரைப்பை ஆற வேண்டும். அதற்கு மேல் போகும் ஒவ்வொரு நாளும் சம்பளப் பிடித்தம்.

தொழிலாளர் காப்பீட்டுத் திட்டமான இஎஸ்ஐ இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. டாக்டரிடம் சீட்டு எழுதி வாங்கினால் ஆண்டுக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். முதல் இரண்டு நாளுக்குப் பெரும்பாலும் கிடையாது. குறைகள் இருந்தாலும் அது உருப்படியான ஏற்பாடு. ஆனால், மாதம் 21,000 ரூபாய்க்குள் சம்பளம் வாங்குபவருக்குத்தான் அந்தக் கதவு திறக்கும். இந்த வரம்பு வைக்கப்பட்டது 2017 ஜனவரி 1இல். அதற்கு முன் 1997இல் 6,500, 2004இல் 7,500, 2006இல் 10,000, 2010இல் 15,000 என்று தட்டுத் தடுமாறியாவது உயர்த்திக்கொண்டு வந்தார்கள். 21,000 என்று எழுதியதோடு பேனாவை மூடிவைத்துவிட்டார்கள். புதிய சட்டத் தொகுப்பு வந்த அன்றும் அதே 21,000தான். ஸ்ரீபெரும்புதூரிலும் ஓசூரிலும் ஓவர்டைம் இல்லாமலே இந்த வரம்பைத் தாண்டிவிட்ட தொழிலாளிக்கு, சம்பள உயர்வு தந்த பரிசு இஎஸ்ஐ அட்டையை இழந்தது. நடப்புப் பங்களிப்புக் காலம் முடிந்ததும் வெளியே.

வரம்பை உயர்த்த மனம் வராத இதே கைகள், 2019 ஜூலையில் இஎஸ்ஐ பங்களிப்பை 6.5 சதவீதத்திலிருந்து 4 சதவீதமாகக் குறைக்க மட்டும் தயங்கவில்லை. அதில் பெரும் பங்கு மிச்சம் யாருக்கு? முதலாளிகளின் பங்கு 4.75லிருந்து 3.25க்கு இறங்கியது. அடுத்த ஆண்டு நடந்தது இன்னும் வேடிக்கை. 2020 செப்டம்பர் 14 அன்று, ஊரடங்கில் சொந்த ஊருக்கு நடந்தே போய் வழியில் இறந்த புலம்பெயர் தொழிலாளர்கள் எத்தனை பேர் என்று மக்களவையில் கேட்டபோது, கணக்கு இல்லை என்றார்கள். அதற்கு ஒரு வாரம் கழித்து, எதிர்க்கட்சிகள் புறக்கணித்திருந்த அவைகளில், நான்கு சட்டத் தொகுப்புகளில் மூன்றை இரண்டே நாளில் நிறைவேற்றினார்கள். அவ்வளவு அவசரமாக நிறைவேற்றியதை ஐந்து ஆண்டுக்கு மேல் அலமாரியில் வைத்துப் பூட்டினார்கள். அந்த ஐந்து ஆண்டில் நோய் விடுப்புக்கு ஒரு திருத்தம் கொண்டுவர நேரமில்லையா? தொழிற்சங்கங்களிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். கேட்கத்தான் மேடை இல்லையே. இந்தியத் தொழிலாளர் மாநாட்டின் 46ஆவது கூட்டம் 2015இல் நடந்தது. சட்டங்கள் நடைமுறைக்கு வந்த நாள் வரை 47ஆவது கூடவே இல்லை.

குணமடையும் நாளை எண்ணத் தெரியாதவர்களும் அல்ல இவர்கள். உறுப்பு தானம் செய்யும் மத்திய அரசு ஊழியருக்கு 42 நாள் சிறப்புத் தற்செயல் விடுப்பு என்று 2023இல் உத்தரவு போட்டார்கள். பெரிய அறுவை சிகிச்சை, மருத்துவமனையிலும் வெளியே வந்த பிறகும் குணமடையக் காலம் பிடிக்கும் என்று அதற்குக் காரணமும் சொன்னார்கள். வரவேற்க வேண்டிய உத்தரவு. ஒரு சிறுநீரகம் கொடுத்தவரின் வயிறு ஆற நாள் பிடிக்கும் என்று புரிந்துகொண்டவர்களுக்கு, இரைப்பையின் பெரும் பகுதியை இழந்தவரின் வயிறு மட்டும் எப்படிப் புரியாமல் போனது? 1955ஆம் ஆண்டின் சட்டம் பத்திரிகையாளருக்கும், 1976ஆம் ஆண்டின் சட்டம் மருந்து விற்பனைப் பிரதிநிதிக்கும் மருத்துவச் சான்றிதழின் பேரில் அரைச் சம்பள விடுப்பைத் தந்தன. இந்தத் தலையங்கத்தை எழுதும் மேசைக்கு உள்ள உரிமை, இதை அச்சிடும் எந்திரத்தின் பக்கம் நிற்பவருக்குச் சட்டத்தில் இல்லை.

பதவியில் இருப்பவர்களுக்கு இந்தச் சிகிச்சை அந்நியமும் அல்ல. 2014 செப்டம்பரில், நிதித் துறையையும் பாதுகாப்புத் துறையையும் சேர்த்துக் கவனித்துவந்த அருண் ஜேட்லி, நீண்டநாள் சர்க்கரை நோயால் ஏறிய எடைக்காக இதே வகை அறுவை சிகிச்சை செய்துகொண்டார். அதே மாதத்தில் மீண்டும் உடல்நலம் குன்றி எய்ம்ஸில் சேர்க்கப்பட்டார். நாட்டின் மிகச் சிறந்த மருத்துவர்கள் சூழ இருந்தவருக்கே அந்த நிலை. இரண்டு அமைச்சகங்களும் அவருக்காகக் காத்திருந்தன. அதில் தவறே இல்லை, காத்திருக்கத்தான் வேண்டும். அசெம்பிளி லைன் காத்திருக்க மாட்டேன் என்கிறது.

2025 பிப்ரவரியில் வானொலி உரையில் பிரதமர் உடல் பருமனைப் பற்றிக் கவலைப்பட்டு, சமையல் எண்ணெயைப் பத்து சதவீதம் குறையுங்கள் என்றார். நல்ல யோசனை, செலவும் இல்லை. எண்ணெயைக் குறைத்தும் நடந்தும் பட்டினி கிடந்தும் முடியாமல் கடைசியில் ஆபரேஷன் மேசைக்குப் போனவருக்கு அந்த உரையில் ஒன்றும் இல்லை. ஒன்பது மாதம் கழித்து வந்த சட்டத்திலும் ஒன்றும் இல்லை. ‘வாயைக் கட்டியிருந்தால் இதெல்லாம் வருமா’ என்ற ஏச்சுக்குப் பயந்து, குடலிறக்க ஆபரேஷன் என்று பொய் சொல்லி லீவு எழுதும் நிலைக்கு ஆளைத் தள்ளிவிட்டு, ஆரோக்கிய இந்தியா என்று பேசுவதற்கு நெஞ்சழுத்தம் வேண்டும்.

பொய்ச் சான்றிதழ் பெருகிவிடும் என்று நிர்வாகங்கள் சொல்லும் அச்சத்தில் கொஞ்சம் உண்மை இருக்கலாம். அதைச் சரிபார்க்க வழியா இல்லை? டிஸ்சார்ஜ் சம்மரியை விடத் தெளிவான காகிதம் எது?

இஎஸ்ஐ வரம்பை உயர்த்துவதோ, தொகுப்பிலேயே திருத்தம் செய்வதோ, விதிகளில் இடம் தேடுவதோ, எந்த வழியாக இருந்தாலும் டெல்லி உடனே ஏதாவது செய்தாக வேண்டும். சென்னைக்கும் இதில் பொறுப்பு உண்டு. 1947ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டப்படி தி.நகர் ஜவுளிக் கடை விற்பனையாளருக்கு இன்றும் ஆண்டுக்கு 12 நாள் நோய் விடுப்பு சம்பளத்தோடு உண்டு. அந்த ஜவுளியை நெய்து அனுப்பும் ஆலைக்குள் அது ஏன் நுழையவில்லை என்று மாநில அரசு இதுவரை டெல்லியிடம் அழுத்திக் கேட்டதாகத் தெரியவில்லை.