சுழி பார்க்கிறோம், பல் பார்ப்பதில்லை

மணப்பாறையிலோ பொள்ளாச்சியிலோ மாட்டுச் சந்தைக்குப் போனவர்களுக்குத் தெரியும். மாடு வாங்க வந்தவர் முதலில் சுழி பார்ப்பார். எந்தச் சுழி ஆகும், எது ஆகாது என்று அவருக்கு ஒரு கணக்கு உண்டு. ஆனால் அதோடு நிற்கமாட்டார். வாயைப் பிளந்து பல்லை எண்ணுவார். நாலு எட்டு நடக்கவிட்டுக் காலைக் கவனிப்பார். கறவை மாடு என்றால் மடியைத் தொட்டுப் பார்ப்பார், கறந்தும் பார்ப்பார். விற்க வந்தவர் இதற்கெல்லாம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வதில்லை. பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்று நம் பழமொழி சொல்வதுகூட தானமாக வந்த மாட்டைப் பற்றித்தான்.

வீடு யாருக்கும் தானமாக வருவதில்லை. 50 லட்சம் கடன், 8.5 சதவீத வட்டி, 20 வருடம் என்று போட்டுப் பாருங்கள். மாதத் தவணை ஏறக்குறைய 43,400 ரூபாய். 240 மாதம் கட்டி முடிக்கும்போது 1 கோடியே 4 லட்சம் போயிருக்கும். ஒரு மனிதன் வேலைக்குப் போகும் காலத்தில் பெரும்பகுதி அது. இவ்வளவையும் கொடுத்து வாங்கும் பொருளுக்கு நாம் சுழி மட்டும்தான் பார்க்கிறோம். வாசல் எந்தத் திசை, சமையலறை அக்கினி மூலையில் இருக்கிறதா, ஈசானியத்தில் கழிப்பறை வந்துவிட்டதா. நண்பர்களோடும் உறவினர்களோடும் நான் வீடு பார்க்கப் போன இடங்களிலெல்லாம் இந்த விசாரணைக்குக் குறைவே இருந்ததில்லை. பாத்ரூம் சுவரின் மறுபக்கம் கை வைத்துப் பார்த்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மொட்டை மாடிக்கு ஏறியவர்கள் அதைவிடக் குறைவு.

சுழி பார்ப்பதை நான் கிண்டல் செய்யவில்லை. நம்பிக்கை உள்ளவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். பல்லை ஏன் பார்ப்பதில்லை என்பதுதான் என் கேள்வி. இதைக் கேட்டால் வரும் பதில்கள் நாலைந்துதான். ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

முதல் பதில்: "டாக்குமெண்ட் எல்லாம் பக்கா சார்." வில்லங்கச் சான்றிதழ் 30 வருடத்துக்குப் போட்டாச்சு, மூலப்பத்திரம் இருக்கு, பட்டா பேர் மாறியாச்சு, வக்கீல் ஒப்பீனியன் வாங்கியாச்சு. எல்லாம் அவசியம்தான். நில மோசடிகள் நடக்கும் நாட்டில் காகிதத்தைக் கரைத்துக் குடிக்காமல் எதையும் வாங்கக் கூடாது. ஆனால் காகிதம் சொல்வது, இந்த வீடு யாருடையது என்பதை. இந்த வீடு எப்படி இருக்கிறது என்று எந்தப் பத்திரமும் சொல்வதில்லை. 2014 ஜூன் 28 அன்று சென்னை மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். அது திருட்டுத்தனமாக எழுப்பிய கட்டடம் இல்லை. சி.எம்.டி.ஏ. அனுமதி பெற்றது. பக்கத்தில் நின்ற இரண்டாவது கட்டடத்தை 2016 நவம்பரில் வெடி வைத்துத் தகர்த்தார்கள். அந்த இரண்டிலும் வீடு பதிவு செய்திருந்தவர்கள் கையில் காகிதம் இருந்தது.

இரண்டாவது பதில்: "பேங்க்லயே லோன் குடுக்குறான். செக் பண்ணாமலா குடுப்பான்?" பண்ணுகிறான்தான். யாருக்காக என்பதைக் கவனிக்க வேண்டும். வங்கி அனுப்பும் இன்ஜினியர் மதிப்பீட்டாளர். நீங்கள் தவணை கட்டாமல் போனால் இதை விற்று எவ்வளவு தேற்றலாம் என்பதே அவருக்குக் கொடுக்கப்பட்ட கேள்வி. இடத்தை அளப்பார், அனுமதி வரைபடத்தோடு ஒப்பிடுவார், அக்கம்பக்க விலையை எழுதுவார். பீமுக்குள் கம்பி எந்த நிலையில் இருக்கிறது என்று அவர் பார்க்க வேண்டியதில்லை. அவருக்கான கட்டணம் பெரும்பாலும் உங்கள் தலையில்தான் விழும். அறிக்கை வங்கியின் ஃபைலில் இருக்கும். அடுத்த ஐப்பசியில் சுவரில் ஓதம் ஏறினால் உங்கள் தவணையில் ஒரு ரூபாய் குறையாது.

இதில் அரசாங்கமும் சேர்த்திதான். கட்டடத்தோடு சேர்ந்த சொத்தைப் பதிவு செய்யும்போது, கட்டடத்தின் வயது, பரப்பு, கூரை என்ன வகை என்றெல்லாம் படிவத்தில் கேட்கிறார்கள். களத்துக்கு ஆள் அனுப்பிப் பார்க்கவும் செய்கிறார்கள். மதிப்பைக் குறைத்துக் காட்டி முத்திரைத் தீர்வையை ஏய்த்துவிடக் கூடாதே என்பதற்காக. ஆக, ஒரு வீடு கைமாறும்போது வக்கீல் பார்க்கிறார், வங்கி பார்க்கிறது, பதிவுத்துறை பார்க்கிறது. அவரவர் பணத்துக்கு ஆபத்து உண்டா என்று அவரவர் பார்த்துக்கொள்கிறார்கள். அதில் குடியிருக்கப் போகிறவனுக்காகப் பார்க்கும் ஆள் மட்டும் இல்லை.

மூன்றாவது பதில்தான் இப்போது புத்திசாலித்தனமாகக் கருதப்படுவது. "கட்டடம் தேய்மானம்தான் தம்பி. யு.டி.எஸ். எவ்வளவுன்னு பாரு. நிலத்துக்குத்தான் மதிப்பு." பிரிக்கப்படாத மனைப் பங்கு முக்கியம், சந்தேகமில்லை. ஆனால் உங்கள் பங்கான 400 சதுர அடியை நீங்கள் வேலி போட்டுக்கொள்ள முடியாது. அதில் ஒரு முருங்கைக் கன்றுகூட உங்கள் இஷ்டத்துக்கு நடமுடியாது. அந்த மதிப்பு முழுதாகக் கைக்கு வரவேண்டுமென்றால் கட்டடத்தை இடித்துத் திரும்பக் கட்டவேண்டும். மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் அதைச் செய்யலாம் என்று தமிழ்நாட்டின் 2022ஆம் ஆண்டு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் வழி செய்கிறது. ஆனால் மேல்வீட்டுக்காரரும் கீழ்வீட்டுக்காரரும் தண்ணீர் மோட்டார் ரிப்பேருக்கே ஒத்துப்போகாத அடுக்ககங்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதுவரைக்கும் உங்கள் பிள்ளைகள் தூங்கப்போவது மனைப் பங்கின் மேல் அல்ல, அந்தத் தேய்மானக் கட்டடத்தின் கூரைக்குக் கீழே.

நான்காவது பதில்: "அதான் ரெரா வந்துடுச்சே." 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம் நல்ல சட்டம். அதன் 14ஆவது பிரிவு, வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 வருடத்துக்குள் கட்டுமானக் குறை தெரிந்தால் கட்டியவரே தன் செலவில் 30 நாளுக்குள் சரிசெய்து தரவேண்டும் என்கிறது. ஆனால் 500 சதுர மீட்டருக்கு மேற்படாத மனையிலோ, 8 வீட்டுக்கு மேற்படாமலோ கட்டினால் அந்தச் சட்டத்தில் பதிவு செய்யவேண்டிய கட்டாயம் இல்லை. சென்னைக்காரர்களுக்கு இது புரியும். ஒரு கிரவுண்டு என்பது 2,400 சதுர அடி, சுமார் 223 சதுர மீட்டர். இரண்டு கிரவுண்டு சேர்த்தாலும் 446தான். ஊருக்குள் ஒரு கிரவுண்டில் ஆறு ஃபிளாட் என்று எழும்புகிறதே, நடுத்தரக் குடும்பங்கள் வாங்கும் அந்த வீடுகள் பதிவு வளையத்துக்கு வெளியே நிற்கின்றன. கைமாறி விற்பனைக்கு வரும் பத்து வருட, இருபது வருட வீடுகளுக்கோ அந்த ஐந்து வருடக் கெடு எப்போதோ முடிந்திருக்கும்.

சரி, பார்ப்பதென்றால் எதைப் பார்ப்பது? "வெடிப்பு இல்லாத வீடு ஏது சார், ஹேர்லைன் கிராக்தான்" என்பார் தரகர். பாதி உண்மை. பூச்சில் மட்டும் சிலந்திவலைபோலப் பரவியிருக்கும் மெல்லிய வெடிப்பு பெரும்பாலும் சிமெண்ட் காய்ந்த கோளாறு. அதற்காக வீட்டை விடவேண்டாம். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகக் கிளம்பி, செங்கல் இணைப்பு வழியாகப் படிக்கட்டுபோல இறங்கும் வெடிப்பு வேறு சாதி. அஸ்திவாரம் ஒரு பக்கமாக இறங்கியிருக்கலாம் என்று அது சொல்கிறது. பீமின் அடியில், கம்பி ஓடும் திசையிலேயே நீளமாக ஓடும் வெடிப்பு இன்னொன்று. உள்ளே கம்பி துருப்பிடித்தால் துரு அசல் இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். அந்த நெருக்கடியில் கான்கிரீட் பிளக்கும். மூன்றையும் ஒரே பட்டி பார்த்து, ஒரே பெயிண்ட் அடித்து மறைத்துவிடலாம். அதனால்தான் விற்பனைக்கு வரும் பழைய வீட்டில் ஒரே ஒரு சுவருக்கு மட்டும் புதுப் பெயிண்ட் இருந்தால் முதலில் அங்கேதான் போய் நிற்கவேண்டும். ஹாலில் இல்லாத ஃபால்ஸ் சீலிங் பாத்ரூமை ஒட்டிய அறையில் மட்டும் எதற்கு என்று கேட்கவேண்டும். டைல்ஸைக் காசால் தட்டினால் பொள்ளலான இடம் சத்தத்தில் தெரியும். எல்லாவற்றுக்கும் மேலாக, மாசி வெயிலில் ஒருமுறை பார்த்த வீட்டைக் கார்த்திகை மழையில் இன்னொரு முறை பார்க்கவேண்டும். வேளச்சேரியிலும் முடிச்சூரிலும் 2015 டிசம்பரில் தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது என்பதற்குத் தரகரைக் கேட்டுப் பிரயோசனமில்லை. எதிர்வீட்டு அம்மாவைக் கேட்டால் கையை வைத்தே காட்டுவார்.

கண்ணுக்கு எட்டாததும் உண்டு. 2022 பிப்ரவரியில் குருகிராமில் ஓர் உயர்மாடிக் குடியிருப்பில் ஒன்றன்மேல் ஒன்றாகத் தளங்கள் இடிந்து இரண்டு பெண்கள் இறந்தார்கள். கான்கிரீட்டில் குளோரைடு உப்பு கலந்திருந்ததை டெல்லி ஐ.ஐ.டி. ஆய்வு வெளிக்கொண்டுவந்தது. இரும்பைத் தின்னும் உப்பு அது. கம்பி போட்ட கான்கிரீட்டுக்குப் பயன்படுத்தும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது இந்தியத் தர நிர்ணயத்தின் ஐ.எஸ். 456. சென்னைக் கடலோரத்தில் உப்புக் கரிக்கும் போர் தண்ணீரில் சிமெண்ட் குழைக்கப்பட்டதா என்று பதினைந்து வருடம் கழித்து யார் சொல்வது? கான்கிரீட் துகள் சொல்லும். ஆய்வகத்தில் கொடுத்தால் உப்பின் அளவு தெரிந்துவிடும். சின்னத் துளை போட்டு பினால்ப்தலீன் கரைசலைத் தெளித்தால், நல்ல கான்கிரீட் இளஞ்சிவப்பாகும். காரத்தன்மையை இழந்து கம்பியைக் காக்கும் சக்தி போன பகுதி நிறம் மாறாது. ஒன்றும் ராக்கெட் விஞ்ஞானமில்லை. எந்தக் கட்டடப் பொறியியல் கல்லூரியிலும் சொல்லிக்கொடுக்கிற பாடம்தான்.

பார்ப்பதால் என்ன ஆகிவிடும் என்பவர்கள் திருவொற்றியூரை நினைத்துக்கொள்ளலாம். 2021 டிசம்பர் 27 அன்று அங்கே 24 வீடுகள் கொண்ட அரசுக் குடியிருப்பு ஒன்று தரைமட்டமானது. உயிர்ச்சேதம் இல்லை. விரிசலைக் கவனித்தவர்கள் எல்லோரையும் வெளியேற்றிவிட்டார்கள். அவர்கள் இன்ஜினியர்கள் இல்லை. கண்ணெதிரே தெரிந்ததைச் 'சும்மா ஹேர்லைன்' என்று தள்ளிவிடவில்லை, அவ்வளவுதான்.

கடைசிப் பதிலுக்கு வருகிறேன். அதுதான் மற்ற எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது. "இன்ஜினியரைக் கூட்டிட்டு வர்றேன்னு சொன்னா ஓனர் தப்பா நினைச்சுக்குவாரு." பெண் பார்க்கப் போன இடத்தில் தட்டைத் தள்ளியதுபோல இதை ஓர் அவமரியாதையாக ஆக்கி வைத்திருக்கிறோம். இந்த மரியாதையால் ஆதாயம் அடைபவர் ஒருவர்தான், விற்பவர். இதற்குத் துணைபோவது டோக்கன் அட்வான்ஸ். "இன்னும் ரெண்டு பார்ட்டி லைன்ல இருக்காங்க, சாயந்தரத்துக்குள்ள ஒரு லட்சம் போட்டுடுங்க." போட்டபிறகு குறை கண்டுபிடித்தால் பணம் போய்விடுமே என்று குறையையே பார்க்காமலிருக்கப் பழகிக்கொள்கிறோம்.

சட்டம் இதைவிட நேர்மையாகப் பேசுகிறது. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 55ஆவது பிரிவு: விற்பவருக்குத் தெரிந்து, வாங்குபவருக்குத் தெரியாமல், சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் புலப்படாத முக்கியக் குறை சொத்தில் இருந்தால் விற்பவர் அதைச் சொல்லவேண்டும். சொல்லாமல் விடுவது மோசடி என்றே அந்தப் பிரிவு முடிகிறது. வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம், இன்றும் அமலில் இருக்கிறது. ஆனால் அதே சட்டம் வாங்குபவரிடம் சாதாரணக் கவனத்தை எதிர்பார்க்கிறது. மொட்டை மாடிக்கே ஏறாதவர் நாளைக்கு நீதிமன்றத்தில் எந்த முகத்தோடு நிற்பார்? "நேரில் பார்த்துத் திருப்தியடைந்து" என்ற வரிக்குக் கீழே கையெழுத்தும் போட்டிருந்தால் இன்னும் மோசம்.

ஸ்காட்லாந்தில் 2008 டிசம்பரிலிருந்து, வீட்டை விலைக்கு விடுகிறவரே தன் செலவில் ஆய்வறிக்கை தயாரித்துக் கொடுக்கவேண்டும். புது வீடு போன்ற சில விலக்குகள் தவிர, சுவர், கூரை, ஓதம் எல்லாவற்றின் நிலையும் வாங்க வருபவர் கைக்கு முன்கூட்டியே வந்துவிடுகிறது. அங்கே யாரும் இதனால் மனம் புண்பட்டதாகத் தெரியவில்லை. நம்மிடமும் பதிவுத்துறைப் படிவம் ஏற்கெனவே இருக்கிறது. கூரை வகை கேட்கும் அதே படிவத்தோடு, ஒழுகுகிறதா, வெடிப்பு உண்டா, வெள்ளம் வந்ததா, எப்போது என்ன பழுது பார்த்தீர்கள் என்று விற்பவர் கையெழுத்திட்ட ஒரு தாளைச் சேர்க்கச் சொல்வதற்குப் பெரிய செலவில்லை. "இன்ஜினியரும் காசு வாங்கிட்டு எழுதிக் குடுப்பான்" என்பார்கள். எழுதுவான். அதனால்தான் அவரை வாங்குபவர் தன் காசில் நியமிக்கவேண்டும், பொய் எழுதினால் அவர் பொறுப்பேற்கவேண்டும்.

சட்டம் வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. கிரய ஒப்பந்தத்தில் இரண்டே வரி போதும். 15 நாளுக்குள் என் செலவில் கட்டடத்தைப் பரிசோதிப்பேன், அமைப்பில் பெரிய குறை இருந்தால் முன்பணம் முழுதும் திரும்ப வரவேண்டும். இதற்கு ஒப்புக்கொள்ளாத விற்பனையாளரின் வீட்டைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில் பாதி அங்கேயே தெரிந்துவிட்டது.

இதை வாங்குபவரின் சாமர்த்தியப் பிரச்சினையாக மட்டும் நான் பார்க்கவில்லை. பார்க்காமல் வாங்கியவர் ஐந்து வருடம் வாளி வைத்து ஒழுகலைப் பிடிக்கிறார். வெளியே சொன்னால் விலை போகாது. அக்கம்பக்கத்தில்கூட வாய் திறப்பதில்லை. பிறகு ஒருநாள் அவரும் விற்கிறார். விற்பதற்கு முந்தின வாரம் பட்டி பார்க்க ஆள் வருகிறது, அந்த ஒரு சுவருக்கு மட்டும். ஞாயிற்றுக்கிழமை ஒரு சின்னக் குடும்பம் வருகிறது, கையில் குழந்தை. வாசல் கிழக்கா என்று கேட்கிறார்கள். கிழக்குதான் என்கிறார். ஏமாந்தவரையே அடுத்தவரை ஏமாற்ற வைக்கும் இந்த ஏற்பாட்டில் நல்லவர்கள் கெட்டவர்கள் என்று யாருமில்லை, வாய்மூடிக் கைமாற்றியவர்கள் மட்டுமே. அந்தக் குடும்பத்தில் யாராவது ஒருவர் சுவரில் கை வைத்துப் பார்த்து, "இங்கே ஏன் ஈரமா இருக்கு?" என்று கேட்டுவிட்டால் போதும், அந்தச் சங்கிலி அங்கே அறும். வீட்டுக்காரர் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.