முழங்காலும் கியர்பாக்ஸும்



சென்ற இதழில் மூட்டுத் தேய்மானம் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டிருந்தோம். அதற்கு வந்த கடிதங்களில் பல முழங்காலில் தொடங்கி காரில் போய் முடிகின்றன. கிளட்ச் மிதிக்க முடியாமல்தான் ஆட்டோமேட்டிக் வண்டி வாங்கினேன், பத்துப் பன்னிரண்டு வருஷம் நன்றாக ஓடியது, இப்போது கியர் விழ அடம்பிடிக்கிறது, பட்டறையில் கையை விரித்துவிட்டார்கள், என்ன செய்வது என்று கேட்கிறார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், “எனக்கு முட்டி மாற்ற டாக்டர் சொன்ன தொகையும், காருக்கு கியர்பாக்ஸ் மாற்ற மெக்கானிக் சொன்ன தொகையும் ஏறக்குறைய ஒன்றுதான். எதை முதலில் மாற்றட்டும்?” என்று எழுதியிருக்கிறார்.

சிரித்துவிட்டுக் கடந்துபோக மனம் வரவில்லை. பேங்க், ஆஸ்பத்திரி, கோயில் என்று யாரையும் எதிர்பார்க்காமல் போய்வர அந்த அம்மாவுக்கு இருக்கும் ஒரே வழி அந்த கார்தான். நம் பத்திரிகையில் வண்டிகளுக்கென்று தனிப் பகுதி கிடையாது. அதனால் இந்த மாதம் என் பக்கத்தையே அதற்குக் கொடுத்துவிடுகிறேன். ஆட்டோமேட்டிக் வேலை தெரிந்த சில மெக்கானிக்குகளோடு உட்கார்ந்து பேசியதும், நானே படித்துத் தெரிந்துகொண்டதும் இதில் இருக்கிறது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். “பாக்ஸ் போயிடுச்சு சார், மாத்தித்தான் ஆகணும்” என்று யாராவது சொன்னால் உடனே தலையாட்ட வேண்டாம். வந்த விலைக்கு வண்டியைத் தள்ளிவிடவும் வேண்டாம். என்ன பார்த்துவிட்டு அப்படிச் சொல்கிறார் என்று கேளுங்கள். எண்ணெயைப் பார்த்தாரா, வண்டியின் கணினியில் பதிவான கோளாறுகளைப் படிக்கும் ஸ்கேனர் போட்டாரா, ஓட்டிப் பார்த்தாரா? மூன்றும் செய்யாமல் சொன்ன தீர்ப்பு செல்லாது.

அடுத்து, உங்கள் வண்டியில் இருப்பது எந்த வகை ஆட்டோமேட்டிக் என்று தெரிந்துகொள்ளுங்கள். நம் ஊர்ச் சாலையில் நான்கு வகை ஓடுகின்றன. ஐ10-இல் வந்த 4 வேக கியர்பாக்ஸ் போன்றவை டார்க் கன்வர்ட்டர் வகை. ஹோண்டா சிட்டியின் சில மாடல்களில் வந்தது சிவிடி. அதில் பற்சக்கர கியர்களுக்குப் பதில் இரண்டு புல்லிகளும் ஒரு எஃகு பெல்ட்டும் இருக்கும். 2013-இல் வந்த போலோ ஜிடி டிஎஸ்ஐ-யில் இருந்தது இரட்டை கிளட்ச். 2014-இல் செலெரியோ கொண்டுவந்த ஏஎம்டி, சாதாரண கியர்பாக்ஸேதான். கிளட்ச்சை அழுத்துவதையும் கியர் போடுவதையும் நமக்குப் பதிலாக ஒரு இயந்திரக் கை செய்கிறது. ஆகவே ஏஎம்டி வண்டிக்காரர்கள் பெரிதாகக் கலங்க வேண்டியதில்லை. பெரும்பாலும் கிளட்ச் பிளேட் தேய்ந்திருக்கும், அல்லது அந்தக் கையில் கோளாறு இருக்கும். மேட்டில் பிரேக் பிடிக்காமல் ஆக்சிலேட்டரை லேசாக மிதித்தே வண்டியை நிறுத்திவைக்கும் பழக்கம் இருந்தால், பிளேட் தேயக் காரணம் அதுதான்.

டார்க் கன்வர்ட்டர் கதையே வேறு. எஞ்சினுக்கும் கியருக்கும் நடுவே, வண்டி கிளம்பும்போது, இறுக்கமான பிணைப்பு எதுவும் கிடையாது. எஞ்சின் சுழற்றும் இறக்கைகள் எண்ணெயைத் தள்ளுகின்றன. அந்த எண்ணெய் எதிரே இருக்கும் இறக்கைகளைச் சுழற்றுகிறது. அந்தச் சுழற்சிதான் சக்கரத்துக்குப் போகிறது. ஹெர்மன் ஃபோட்டிங்கர் என்ற ஜெர்மன் பொறியாளர் 1905-இல் இதற்குக் காப்புரிமை வாங்கியது காருக்காக அல்ல, கப்பலுக்காக. டர்பைனின் வேகத்தைக் குறைத்து புரொபெல்லரைச் சுற்ற அவருக்கு ஒரு வழி தேவைப்பட்டது. பிறகு 1939-இல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் ஹைட்ராமேட்டிக் என்ற தானியங்கி கியர்பாக்ஸை ஓல்ட்ஸ்மொபில் காரில் பொருத்தி விற்றது. அதில் டார்க் கன்வர்ட்டருக்குப் பதில் அதன் எளிய வடிவமான எண்ணெய் கப்ளிங் இருந்தது. அதே கியர்பாக்ஸ் இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க டாங்கிகளையும் ஓட்டியது. அண்ணா சாலை சிக்னலில் உங்கள் காலுக்கு ஓய்வு கொடுக்கும் சாமானுக்கு இவ்வளவு பூர்வீகம் உண்டு.

டார்க் கன்வர்ட்டர் கியர்பாக்ஸில் எண்ணெய்க்கு மூன்று வேலை. விசையைக் கடத்த வேண்டும், உள்ளே இருக்கும் கிளட்ச் தட்டுகளை அழுத்திப் பிடிக்க வேண்டும், சூட்டையும் தணிக்க வேண்டும். எண்ணெய் கெட்டால் மூன்றும் கெடும். எண்ணெயைக் கெடுப்பது சூடு. ஏசி ஓட, மே மாத வெயிலில் இன்ச் இன்ச்சாக நகரும் வண்டிக்கு நெடுஞ்சாலையில் ஓடும் வண்டியைவிடச் சோதனை அதிகம். “இந்த எண்ணெய் ஆயுளுக்கும் மாற்ற வேண்டாம்” என்று விற்பனையில் சொல்வார்கள். யாருடைய ஆயுளுக்கு என்று நான் கேட்பதுண்டு. வண்டியோடு வந்த கையேட்டில் கடுமையான பயன்பாடு என்று தனியாக ஒரு அட்டவணை இருக்கும். நம் ஊர் நெரிசலில் ஓடும் வண்டிக்கு அதுதான் பொருந்தும்.

எண்ணெயைப் பார்ப்பது எப்படி? டிப்ஸ்டிக் இருந்தால் வேலை சுலபம். பல வண்டிகளில் எஞ்சின் சூடேறி, சமதளத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போதே பார்க்க வேண்டும். ஹோண்டாவில் எஞ்சினை அணைத்து 60 முதல் 90 விநாடிக்குள் பார்க்கச் சொல்வார்கள். டிப்ஸ்டிக்கே இல்லாத வண்டியை லிஃப்டில் ஏற்றி, எண்ணெயின் வெப்பநிலையைக் கவனித்துப் பார்க்க வேண்டியிருக்கும். எண்ணெயை ஒரு வெள்ளைத் துணியில் தொட்டுப் பாருங்கள். புதிதாக இருக்கையில் பெரும்பாலும் தெளிந்த சிவப்பு. பழுப்பாக மாறியிருந்தால் வயதாகிவிட்டது. கறுத்து, தீய்ந்த வாடை அடித்தால் உள்ளே கிளட்ச் தட்டுகள் கருகியிருக்கின்றன. ரோஸ்மில்க் நிறத்தில் கலங்கியிருந்தால் வண்டியை ஒரு அடிகூட ஓட்டாதீர்கள். ரேடியேட்டருக்குள் இருக்கும் எண்ணெய்க் குழாய் விட்டுப்போய் கூலன்ட் கலந்திருக்கிறது என்று அர்த்தம்.

அளவு குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது. கசிவை அடைத்து, உரிய எண்ணெயை ஊற்றியதும் ஒழுங்காக ஓடிய வண்டிகள் உண்டு. உரிய எண்ணெய் என்பதை அழுத்தியே சொல்கிறேன். எஸ்பி-III வகை எண்ணெய் கேட்கும் பெட்டியில் வேறொன்றையும், சிவிடியில் சாதாரண ஆட்டோமேட்டிக் கியர் எண்ணெயையும் (ஏடிஎஃப்) ஊற்றினால், ஊற்றியவர் புண்ணியத்தில் செலவு இரட்டிப்பாகும். வடித்து ஊற்றும்போது ஒரு பகுதிதான் வெளியே வரும். மிச்சம் கன்வர்ட்டருக்குள் தங்கிவிடும். அதனால் கொஞ்சம் ஓட்டிவிட்டு மறுபடி மாற்றச் சொல்வார்கள், அது ஏமாற்று வேலை அல்ல. “பழைய வண்டியில் எண்ணெயை மாத்தினா பாக்ஸ் படுத்துரும்” என்ற பயம் பரவலாக இருக்கிறது. அப்படிப் படுத்தவை பெரும்பாலும் ஏற்கெனவே தட்டு தேய்ந்து, படுக்கும் நிலைக்கு வந்த பிறகு எண்ணெய் மாற்றியவைதான். அழுத்தம் கொடுத்துக் கழுவுகிறேன் என்றால் மட்டும் பழைய பெட்டிக்கு வேண்டாம் என்று சொல்லுங்கள்.

கியர்பாக்ஸின் பெயரைக் கெடுக்கும் வேறு பேர்வழிகளும் உண்டு. எஞ்சின் மவுன்ட் கிழிந்திருந்தால் டி-யில் போட்டதும் ‘டம்’ என்று அடிக்கும். பேட்டரி பலவீனமாகவோ எர்த் ஒயர் துருப்பிடித்தோ இருந்தால் கியரை இயக்கும் கணினி குழம்பி, வண்டியை ஒரே கியரில் பூட்டிவிடும். வேகத்தை அளக்கும் சென்சார் பழுதானாலும் அப்படித்தான். ஒரு பிளக் சரியாக எரியாவிட்டால் வண்டி உதறும். அந்தப் பழியும் கியர்பாக்ஸ் தலையில் விழும். லிவர் பி-யிலிருந்து நகரவே மாட்டேன் என்கிறதா? பிரேக் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். பிரேக் சுவிட்ச் போயிருந்தால் பல வண்டிகளில் லிவர் பூட்டிக்கொள்ளும். அதை அவசரத்துக்கு விடுவிக்க லிவர் பக்கத்திலேயே சின்னத் துளையோ பொத்தானோ இருக்கும். இவை எல்லாம் கியர்பாக்ஸைத் திறக்காமலே தீரும் வேலைகள்.

உண்மையிலேயே தேய்ந்த பெட்டி வேறு மாதிரி நடந்துகொள்ளும். ஆக்சிலேட்டரை மிதித்தால் எஞ்சின் கத்தும், வேகம் ஏறாது. டி-யிலோ ஆர்-இலோ போட்டு இரண்டு மூன்று விநாடி கழித்துத்தான் பிடிக்கும். காலையில் சரியாக ஓடி, அரை மணி நேரம் ஓட்டிச் சூடேறியதும் நழுவும். எண்ணெய்ச் சட்டியைக் கழற்றினால் உலோகத் துகள் மின்னும். இதற்குப் பிறகுதான் பெரிய செலவைப் பற்றிப் பேச வேண்டும்.

கம்பெனியில் புதுப் பெட்டி என்றால் பல மாடல்களுக்கு லட்சத்தைத் தாண்டும். எண்ணெயைத் திருப்பிவிட்டு கியர் மாற்றும் வால்வு பாடியோ சோலினாய்டோ மட்டும் போயிருந்தால் அதை மட்டும் மாற்றத் தெரிந்தவர் கிடைக்கிறாரா என்று தேடுங்கள். உள்ளே தட்டுகளையும் சீல்களையும் மாற்றிக் கட்டுவது அடுத்த வழி. அதற்குக் கை பழகியவர்கள் குறைவு, அவசரமும் கூடாது. மூன்றாவது, சென்னை புதுப்பேட்டை போன்ற இடங்களில் கழற்றி விற்கும் செகண்ட்ஸ் பெட்டி. அதே மாடல், அதே வருஷமா என்று பார்த்து, பொருத்தி ஓட்டிப் பார்க்க அவகாசம் எழுத்தில் வாங்கிய பிறகே பணம் கொடுங்கள்.

செலவு செய்யலாமா என்பதை வண்டியின் சந்தை விலையை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள் என்பது என் கட்சி. சொந்த காருக்கு ஆர்சி 15 ஆண்டு; அதன்பின் 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். பன்னிரண்டு வயது வண்டியின் எஞ்சினும் பாடியும் நன்றாக இருந்து, செலவும் கைக்கு அடங்கினால் செய்யலாம். பதினான்கு வயதாகி, அடியில் துருவும் ஏறியிருந்தால் விட்டுவிடலாம். விற்கும்போது கோளாறைச் சொல்லி விற்றுவிடுங்கள். கெட்டி எண்ணெயும் மருந்தும் ஊற்றி ஒரு வாரம் ஓடவைத்து விற்கிறவர்கள் இருக்கிறார்கள். அதை வாங்கப்போவதும் முழங்கால் வலிக்கிற யாரோ ஒருவர்தான்.

வழியில் நின்றுபோனால் தள்ளி ஸ்டார்ட் செய்ய முடியாது. கயிறு கட்டி இழுக்கவும் வேண்டாம். முன்சக்கரத்தில் ஓடும் வண்டி என்றால் முன்பக்கத்தைத் தூக்கிக் கொண்டுபோக வேண்டும். முழு வண்டியையும் ஏற்றிச் செல்லும் லாரி கிடைத்தால் இன்னும் நல்லது.

ஆசிரியை அம்மாவுக்கு என் பதில்: முட்டி விஷயத்தில் டாக்டர் சொல்வதைக் கேளுங்கள். காரைப் பொறுத்தவரை, சில ஆயிரம் செலவில் எண்ணெயையும் ஸ்கேனையும் முதலில் பார்த்துவிடுங்கள்.

மற்ற வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸைத் திறந்து, பழுதான பாகத்தை மட்டும் மாற்றிக் கொடுக்கும் மெக்கானிக் உங்கள் ஊரில் இருந்தால் எங்களுக்கு எழுதுங்கள். வண்டி எந்த மாடல், எத்தனை கிலோமீட்டர் ஓடியது, என்ன கோளாறு, எவ்வளவு செலவானது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். மெக்கானிக்கிடம் சம்மதம் கேட்டுவிட்டு, அடுத்தடுத்த இதழ்களில் ஊர்வாரியாக வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்