மலைப் புல்வெளிகளில் மரம் நடுதல்

மலையுச்சியில் மரமில்லாத புல்வெளியைக் காண்போர் பலர், அது எவரோ வெட்டியழித்த காடு என்றும், அங்கே கன்றுகளை நட்டால் ஓடைகளில் நீர் பெருகும் என்றும் கருதுகின்றனர். நீலகிரியைப் பொறுத்தமட்டில் இக்கருத்து பிழையானது.

நன்செய்க்குரிய பயிரை மேட்டுப் புன்செயில் விதைக்கும் மிராசுதார் எவருமிலர். மலையும் அவ்வாறே நிலத்தின் தரத்திற்கேற்பத் தாவரங்களைத் தாங்குகின்றது. சுமார் 1,800 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில், காற்றுக்கு மறைவான மடிப்புகளிலும் ஓடைக்கரைகளிலும் சோலை வளர்கின்றது. அங்கே மண் ஆழமானது, இலைமக்கு மிகுந்தது. செண்பகம், நாவல், இலவங்கம் ஆகியவற்றின் இனங்களைச் சேர்ந்த மரங்கள் நெருங்கி நிற்க, நீரருகே பெரணி மரங்கள் தழைக்கின்றன. சோலையின் விளிம்புக்கு வந்தால் மரவகை மாறுகின்றது. உறைபனியையும் ஓரளவு நெருப்பையும் தாங்கவல்ல காட்டுப்பூவரசு அங்கே செம்மலர்களோடு நிற்கும். புல்வெளியின் நடுவே தனித்து வளரவும் அதற்கு இயலும். அதற்கப்பால் புல்லே. மார்கழி, தை மாதங்களின் தெளிந்த இரவுகளில் திறந்தவெளியில் விழும் உறைபனி, சோலை மரங்களின் இளங்கன்றுகளைக் கருக்கிவிடும். சோலைக்குள்ளோ மேலே கவிந்த இலைப்பந்தல் தரையின் வெப்பத்தைக் காக்கின்றது. பலத்த காற்றும், ஆழமற்ற மண்ணும், அவ்வப்போது பரவும் தீயும் புல்லுக்கே துணைசெய்வன. இப்புல்வெளிகளைக் கோடரி உண்டாக்கவில்லை. நீலகிரிச் சதுப்புகளின் மட்கிய மண்ணை ஆராய்ந்ததில், சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன்பே அங்குப் புல் பரந்திருந்தமை தெரியவந்துள்ளது.

இந்நிலத்தில், 1840களில் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த கற்பூர மரமும் சீகை மரமும், விறகுக்கும் தோல் பதனிடும் பட்டைக்கும் மரக்கூழுக்குமாகப் பிற்காலத்தில் பெருவாரியாக நடப்பட்டன. இதனால் நேர்ந்த நஷ்டம் அளந்தறியப்பட்டதே. கிளென்மார்கனில் 1972இல் ஒரு நீர்ப்பிடிப்பின் 59 சதவீதப் பரப்பில் கற்பூர மரம் நட்டு, மரம் நடாத அண்டை நீர்ப்பிடிப்போடு ஒப்பிட்டனர். முதற் பருவத்தில் நீர்வரத்து 16 சதவீதம் குறைந்தது. வெட்டியபின் மறுதழைவு வளர்ந்த இரண்டாம் பருவத்தில் குறைவு இன்னும் மிகுந்தது. பவானியும் மோயாறும் இம்மலையிற் பிறந்தே பவானிசாகர் அணையை நிரப்புகின்றன. ஆதலால் கீழ்பவானிப் பாசனக் குடியானவரும் மேட்டுப் புல்வெளியைத் தமக்கு அயலான விஷயமாக எண்ணலாகாது. கணக்கில் ‘தரிசு’ என்றிருப்பதைக் கொண்டே அதனைக் கன்று நடும் இடமாகக் காட்டும் வழக்கத்தைக் கிராம அதிகாரிகள் கைவிடுதல் வேண்டும்.

எனினும், சீகையைக் கண்டவிடமெல்லாம் ஒரேயடியாக வெட்டுவதும் விவேகமன்று. சோலையை அடுத்த பழைய சீகைத் தோப்புகளின் நிழலில் சோலைக் கன்றுகள் தாமே முளைத்து வருவது பழனிமலையில் காணப்பட்டுள்ளது. அங்கே அவற்றை மெல்ல வளரவிடுவதே தகும். திறந்த மேட்டிலுள்ளவற்றை வெட்டலாம். ஆனால் மண்ணில் நெடுங்காலம் உறங்கிக் கிடக்கும் சீகை விதைகள், வெளிச்சம் பட்டவுடன், அதிலும் தீப்பட்டால், அடர்ந்து முளைத்தெழும். பின்வரும் ஆண்டுகளில் களைபிடுங்கப் பணமும் ஆளும் ஒதுக்காதவர்கள் அவ்வேலையைத் தொடங்காதிருத்தல் நலம்.